ஆராய்ச்சிச் சஞ்சிகைகளும் சீனத்தின் எழுச்சியும்

(நம் சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



இன்று மாலை பேசவேண்டுமென்று செயலாளர் எம்மைக் கேட்டபோது, சமயம் பற்றியோ இலக்கியம் பற்றியோ ஏதேனும் ஒரு பொருளை எடுத்துக்கொள்ளலாம் என்றே முதலில் எண்ணினோம். ஆனால் அவற்றை எம்மிலும் பன்மடங்கு அறிந்த பெரியோர் முன்வரிசையில் வீற்றிருக்க, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் அவர்களுக்கே அவற்றை எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆகவே எமக்கு நேரே அனுபவப்பட்ட ஒரு விடயத்தையே எடுத்துக்கொண்டோம். 'எமக்கு' என்பது வெறும் மரியாதைப் பன்மையன்று. நம் ஊரிலிருந்து பல்கலைக்கழகம் சென்று விவசாய விஞ்ஞானம் பயிலும் நாம் மூவர்; இங்கு நின்று பேசுவது ஒருவராயினும் மூவருக்குஞ் சேர்த்தே பேச்சு.

பேச்சின் தலைப்பைக் கேட்ட பெரியவர் ஒருவர் வாசலிலேயே எம்மை நிறுத்தி, "தம்பி, பேப்பர் எழுதுவது, பேப்பர் எழுதுவது என்கிறீர்களே, அது சோதனைப் பேப்பரா, புதினப் பேப்பரா?" என்று கேட்டார். இரண்டுமன்று ஐயா. ஆராய்ச்சி செய்தவர் தாம் கண்டதை, கண்ட விதத்தோடு எழுதி, அத்துறையினர் வாசிக்கும் சஞ்சிகைக்கு அனுப்புவார். ஆசிரியர் அதைத் துறையறிந்த இருவர் மூவரிடம் கொடுத்துக் குற்றங் குறை பார்க்கச் சொல்லுவார். அவர்கள் சரியென்றால் அச்சேறும். 1665-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் லண்டன் றோயல் சங்கத்தின் செயலாளராயிருந்த ஹென்றி ஒல்டன்பேர்க் என்பவர் தொடங்கிய சஞ்சிகை இன்றும் வெளிவருகின்றது. அதே ஆண்டில் அதற்கு இரண்டு மாதம் முன்னதாகப் பாரிசிலும் ஒன்று தொடங்கிற்று. அன்று கடிதமாக அறிஞர்களுக்குள் சென்ற செய்தி, அதன்பின் எவரும் வாசிக்கத்தக்க ஏடாயிற்று. அப்படித்தான் புத்தகத்தில் எழுதியிருக்கின்றது. எவரும் வாசிக்கலாமா என்பதுதான் இன்றைய பேச்சு.

இனி எம் கதை. இறுதியாண்டு ஆராய்ச்சிக்கு நாம் எடுத்துக்கொண்டது மிளகு. மாத்தளைக்காரர் வேறு எதை எடுப்பர்? உக்குவெல, ரத்தோட்டை, யட்டவத்தைப் பக்கங்களில் கிளிரிசீடியா மரத்தில் ஏறிய மிளகுக்கொடி இல்லாத தோட்டம் அரிது. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையமும் மாத்தளையிலேதான் இருக்கின்றது. சில ஆண்டுகளாகக் கொடிகளில் இலை மஞ்சட் புள்ளியிட்டு, சுருங்கி, காய் பிடிப்புக் குறைந்து வருவதை எம் உறவினர் ஒருவரின் தோட்டத்திலேயே கண்டிருந்தோம். உரம் போதவில்லை என்றார் ஒருவர். வெயில் என்றார் மற்றொருவர். கண்ணேறு என்றாரும் உளர்.

இந்நோயைப் பற்றி எழுதியவர் உண்டா என்று இணையத்தில் தேடினோம். உண்டு. 1997-ஆம் ஆண்டிலேயே வெளிநாட்டுச் சஞ்சிகையொன்றில் ஒரு கட்டுரை வந்திருக்கின்றது. மலேசியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து ஆகிய நாடுகளோடு நம் இலங்கையின் மிளகையும் ஆராய்ந்து, இது ஒரு வைரசினால் வரும் நோய் என்று நிறுவிய கட்டுரை. முதற் பக்கத்துச் சுருக்கத்தை இலவசமாக வாசிக்கலாம். அதற்கு அப்பால் ஒரு பூட்டு. திறக்க நாற்பது டொலர். நம் பணத்தில் ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் ரூபாய். நாம் பயிலும் இடத்து நூலகத்திலும் அச்சஞ்சிகைக்குச் சந்தா இல்லை. 2022-ஆம் ஆண்டு டொலர்த் தட்டுப்பாட்டைக் கண்ட நாட்டில் நூலகரைக் குறை கூற எமக்கு மனமில்லை. தோட்டக்கார உறவினரிடம் இதைச் சொன்னபோது, "ஒரு கடுதாசி வாசிக்க ஏழெட்டுக் கிலோ காய்ந்த மிளகா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

அவர் சிரித்தது ஒருநாள்தான். வெளிநாட்டில் பயிலும் நண்பர் ஒருவர் அக்கட்டுரையைப் பெற்று அனுப்பினார். வாசித்து, அதனோடு திணைக்களத்தின் துண்டுப் பிரசுரங்களையும் வைத்துப் பார்த்தபோது விடயம் விளங்கிற்று. நோய் மாவுப் பூச்சியாற் பரவும். அதைவிட முக்கியமாக, நோயுற்ற கொடியிலிருந்து வெட்டி நடும் தண்டுத்துண்டு வழியாகவும் பரவும். எம் உறவினர் தாராள மனத்தவர். நன்றாகக் காய்த்த பழைய கொடி என்று, அதே மஞ்சள் விழத் தொடங்கிய கொடியிலிருந்து அயலார் ஐந்து வீட்டாருக்குத் துண்டு வெட்டிக் கொடுத்திருந்தார். அவர் அன்று எம்மைப் பார்த்த பார்வை எமக்கு இன்னும் மறக்கவில்லை. திணைக்கள உத்தியோகத்தர் அறியாத செய்தியன்று இது. அவர் எல்லா வீட்டுக்கும் வந்து சேர்வதற்குள் துண்டுகள் வீடு மாறிவிட்டன. நம் மண்ணின் மிளகிலிருந்து பிறந்த அறிவு, கால் நூற்றாண்டு கழிந்தும் நம் மண்ணுக்கு நடந்து வந்து சேரவில்லை.

இஃது இன்று நேற்று வந்த நிலையுமன்று. மாத்தளையில் மிளகுக்கும் தேயிலைக்கும் முன்னே கோப்பி இருந்தது. அக்கோப்பிக்காகத்தான் நம் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிறங்கி, காட்டு வழியே தம்புள்ளை வந்து, மாத்தளைக்கு நடந்தார்கள். வழியிற் காய்ச்சலாலும் பேதியாலும் மாண்டவர்க்குக் கணக்கில்லை. 1870-களின் இறுதியில் இலங்கையிற் கோப்பி இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேற் பரந்திருந்தது. மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது 1880-ல். ஆனால் அதற்குப் பத்தாண்டு முன்னரே, 1869-ல், கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சட் பொடி படியத் தொடங்கியிருந்தது. பேராதனைத் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த துவைட்ஸ் துரை அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பேர்க்லி என்ற பூஞ்சண வல்லுநர் அதே ஆண்டு நவம்பரில் லண்டன் தோட்டக்கலைப் பத்திரிகையொன்றில் அந்நோய்க்குப் பெயர் சூட்டினார். 'ஹெமிலியா வஸ்ராற்றிக்ஸ்' என்பது பெயர். நோய் இங்கே, பெயர் அங்கே.

1880-ல் மார்ஷல் வோட் என்ற இளைஞர் அந்நோயை ஆராய அனுப்பப்பட்டு வந்தார். வரும்போது அவருக்கு வயது இருபத்தைந்து. எம்மிலும் மூன்று வயதே மூத்தவர். ஒட்டும் பசை பூசிய கண்ணாடித் துண்டுகளைக் காற்றில் வைத்து, நோயின் வித்துப் பொடி காற்றில் மிதந்து வருவதைக் கண்டார். அது ஈரமான இலையில் முளைத்து, இலையின் நுண்துளைகள் வழியே உட்செல்வதையும் காட்டினார். தாவர நோய் ஆராய்ச்சியின் வரலாற்றில் இன்றும் போற்றப்படும் வேலை. அரசாங்கத்துக்கு அவர் கொடுத்த அறிக்கைகள் கொழும்பில் அச்சாயின. விஞ்ஞானக் கட்டுரைகள் 1882-ல் லண்டன் சஞ்சிகைகளில் வெளிவந்தன. கோப்பியை அவரால் காப்பாற்ற முடியவில்லை. அது வேறு கதை. எம் மனத்தில் நிற்பது ஒன்று: அந்தச் செம்மஞ்சட் பொடியை முதலிற் கண்டிருக்கக்கூடியவர்கள் நாள்தோறும் அவ்விலைகளுக்குள் நின்றவர்களே. கங்காணியின் பேரேட்டில் அவர்கள் பெயர் உண்டு. கட்டுரைகளில் இல்லை.

எம்மைப் படிப்பித்த மிஷன் பாடசாலையில் ஒரு முதிய ஆசிரியர் இருந்தார். எந்த நூலைக் கையில் எடுத்தாலும், முதலில் தலைப்புப் பக்கத்தைத் திருப்பி அதன் முதுகைப் பார்க்கச் சொல்வார். யார் அச்சிட்டது, எங்கே, எப்போது, உரிமை யாருடையது என்பதை வாய்விட்டு வாசித்த பிறகே முதல் அத்தியாயம். அன்று அது எமக்கு வேடிக்கையாயிருந்தது. மிளகுக் கட்டுரையின் பூட்டைக் கண்ட அன்று அவரை நினைத்துக்கொண்டோம்.

கட்டுரையின் உரிமை யாருடையது? எழுதியவருக்குச் சஞ்சிகைக்காரர் கூலி தருவதில்லை. குற்றங் குறை பார்ப்பவருக்கும் இல்லை. ஆராய்ச்சிக்குப் பணம் தந்தது பெரும்பாலும் ஏதோ ஒரு நாட்டின் வரியிறுப்பாளர். ஆனால் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டே பிரசுரம் பெறுகின்றார்கள். வீட்டுக்கு வீடு அரிசி சேர்த்து, ஊரார் கூடிச் சமைத்த பொங்கலை, வாசலில் நின்ற ஒருவர் கட்டணம் வாங்கிக்கொண்டு அதே ஊராருக்குப் பரிமாறினால் நாம் என்ன சொல்லுவோம்? இரண்டாம் உலக யுத்தத்தின்பின் இவ்வியாபாரத்தின் ஆழத்தை நன்கறிந்தவர் றொபேர்ட் மாக்ஸ்வெல் என்பவர். 1951-ல் அவர் கைக்கு வந்த பேர்கமன் பிரசுராலயம் நூற்றுக்கணக்கான சஞ்சிகைகளை நடத்திற்று. 1991-ல் ஒல்லாந்தின் எல்செவியர் அதை வாங்கிக்கொண்டது. அந்த நிறுவனத்துக்கு நூறு ரூபாய் வரவில் முப்பதுக்கு மேல் இலாபம் நிற்கும் ஆண்டுகள் பல. பழக்கடைக்காரர் கேட்டால் மயங்கி விழுவார்.

இப்போது வேறொரு முறையும் வந்திருக்கின்றது. வாசிப்பவர் பணம் கட்ட வேண்டாம்; எழுதியவர் கட்டவேண்டும். பூட்டு வாசலில் இருந்து சமையலறைக்கு மாறிற்று. 'நேச்சர்' சஞ்சிகை 2020-ல் ஒரு கட்டுரையை எல்லாருக்கும் திறந்துவைக்கக் கேட்ட கட்டணம் 9,500 யூரோ. மிளகுக் கணக்கில் இதைச் சொல்ல எமக்குத் துணிவில்லை.

இத்தனையும் சொன்னபின், சீனா எங்கே வந்தது என்று கேட்பீர்கள். நாமும் சீனரும் ஒருவரையொருவர் அறியாதவர் அல்லர். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ 1409-ஆம் ஆண்டுத் திகதியிட்டுக் கொண்டுவந்த கல்லொன்று 1911-ல் காலியிற் கண்டெடுக்கப்பட்டது. ஒரே கல்லிற் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும். சீனப் பகுதி புத்தபிரானுக்கும், தமிழ்ப் பகுதி தென்துறைத் தேனவரை நாயனாருக்கும் காணிக்கை சொல்லுகின்றது. அக்கல்லைப் பற்றிய கட்டுரை கொழும்பு நூதனசாலையின் 'ஸ்பொலியா செய்லானிக்கா' என்ற சஞ்சிகையில் 1913-ல் வந்தது. நம் நாட்டில் அச்சாகி உலகத்தார் எடுத்துப் பார்த்த சஞ்சிகை. அதைப் போல நமக்கும் ஒரு காலம் இருந்தது என்பதற்காகச் சொன்னோம்.

எம்மவரிற் பலர் சீனா எப்போதும் வல்லரசாயிருந்தது போல நினைக்கின்றனர். 1966 முதல் 1976 வரை அங்கு கலாசாரப் புரட்சி என்ற பெயரில் பல்கலைக்கழகங்கள் முடங்கின, பேராசிரியர்கள் வயலுக்கு அனுப்பப்பட்டனர், சஞ்சிகைகள் நின்றன. 1977 மார்கழியில் பல்கலைக்கழக நுழைவுச் சோதனையை மீண்டும் நடத்தியபோது 57 இலட்சம் பேர் வந்து எழுதினார்கள். இடம் கிடைத்தது இரண்டே முக்கால் இலட்சம் பேருக்கு. தகப்பனும் பிள்ளையும் ஒரே மண்டபத்திற் குந்தி எழுதக்கூடிய சோதனை அது. அங்கிருந்து நாற்பதாண்டில், 2016-ல், அமெரிக்க அரசின் விஞ்ஞான மன்றத்துக் கணக்குப்படி சீனர் பெயரில் வந்த கட்டுரைகள் 4 இலட்சத்து 26 ஆயிரம். அமெரிக்கருடையவை 4 இலட்சத்து 9 ஆயிரம். எண்ணிக்கைதானே, தரம் எங்கே என்பாரும் உளர். மற்றவர்கள் மிகுதியாக மேற்கோள் காட்டும் உச்சிக் கட்டுரைகளிலும், நூற்றில் ஒன்றான அக்கட்டுரைகளிலும், சீனா முந்திவிட்டதென்று யப்பானிய அரசின் ஆராய்ச்சி நிறுவனம் 2022-ல் அறிவித்தது. பொறாமையால் மறுக்கக்கூடிய நிலை கடந்துவிட்டது.

இதற்கெல்லாம் முன்னே நடந்த ஒரு காரியத்தை இங்குள்ள பெரியோருக்காகச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 1934, 35-ம் ஆண்டுகளின் மலேரியாக் காய்ச்சலைத் தம் தாய் தந்தையர் வாயாற் கேட்டவர் இங்கே இருப்பர். எண்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரை இத்தீவு இழந்தது. பிற்காலத்தில் அக்காய்ச்சற் கிருமி பழைய மருந்துகளுக்கு அடங்காதபோது, சீனாவில் 1967 மே 23-ந் திகதி ஓர் இரகசிய வேலைத்திட்டம் தொடங்கிற்று. தூ யூயூ என்ற அம்மையார் பழைய சீன வைத்திய ஏடுகளைப் புரட்டி, நாலாம் நூற்றாண்டின் கே ஹொங் என்பவர் எழுதியதில் ஒரு குறிப்பைக் கண்டார். குறித்த மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது, காய்ச்சச் சொல்லவில்லை. காய்ச்சினால் குணம் கெடுகிறது போலும் என்று எண்ணி, குறைந்த சூட்டில் ஈதரைக்கொண்டு சாறெடுத்தார். 1971-ல் அது பலித்தது. விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தபின், 1972-ல் தாமும் தம் கூட்டாளிகளும் குடித்துப் பார்த்தார்கள். நம் வைத்தியர் வீட்டு ஏடுகளைக் கறையானுக்குக் கொடுத்துக்கொண்டிருப்போர் இதைக் கவனிக்கவேண்டும்.

அம்மருந்தின் அமைப்பு 1977-ல் அச்சாயிற்று. எங்கே? பீக்கிங்கில், சீன மொழிச் சஞ்சிகையில். எழுதியவர் பெயர்? ஒருவர் பெயரும் இல்லை. ஆராய்ச்சிக் கூட்டுக் குழு என்று மட்டும். தனியாளின் பெயரை முன்வைப்பது தவறென்ற காலம் அது. உலகத்தார் அதை அறிந்து மருந்தாகக் கைக்கொள்ளப் பல ஆண்டுகள் சென்றன. 2006-ல் அதைச் சேர்த்த கூட்டு மருந்துகளையே உலக சுகாதார நிறுவனம் கொடிய மலேரியாவுக்கு முதல் மருந்தாக விதித்தது. தூ யூயூ அம்மையாருக்கு நொபெல் பரிசு 2015-ல். இலங்கை மலேரியா அற்ற நாடென்று அந்நிறுவனம் சான்று தந்தது அடுத்த ஆண்டில். சொந்த மொழியிற் சொந்தச் சஞ்சிகையில் எழுதினால் உலகம் காலந்தாழ்த்தித்தான் பார்க்கும் என்பதை இக்கதை காட்டுகின்றது. ஆங்கிலத்தில் அந்நியர் சஞ்சிகையில் எழுதினால் சொந்த ஊரார் பார்க்கமாட்டார்கள் என்பதை எம் மிளகுக் கதை காட்டுகின்றது. இவ்விரண்டுக்கும் நடுவே எப்படி நடப்பது என்பதே கேள்வி.

சீனர் தெரிந்தெடுத்தது இரண்டாவது வழி. மேனாட்டுச் சஞ்சிகைகளிற் கட்டுரை வந்தால் பரிசு, பதவி, வீடு. சில பல்கலைக்கழகங்கள் ஒரு கட்டுரைக்குப் பல்லாயிரம் டொலர் காசாகவே கொடுத்தன. பணம் கொட்டிற்று, உழைப்பும் கொட்டிற்று, பலனும் வந்தது. கூடவே களையும் வந்தது. நாள் முழுதும் நோயாளரைப் பார்க்கும் வைத்தியருக்கும் பதவியுயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்றார்கள். ஆராய நேரமில்லாதவர் என்ன செய்வார்? கட்டுரை செய்து விற்கும் கடைகள் முளைத்தன. 2020-ல் எலிசபெத் பிக் என்ற நுணுக்கப் பார்வையுள்ள அம்மையாரும் அவர் நண்பர்களும், சீன மருத்துவமனைகளின் பெயரில் வந்த நானூறுக்கு மேற்பட்ட கட்டுரைகளில் ஒரே அச்சில் வார்த்தது போன்ற படங்களைக் கண்டு வெளிப்படுத்தினர். சீனரை மட்டும் பழிக்க வேண்டாம். அவற்றை விலை பெற்று அச்சிட்டவர் யார்? கெய்ரோவிற் தொடங்கிய ஹிந்தாவி என்ற பிரசுராலயத்தை அமெரிக்காவின் வைலி நிறுவனம் 2021-ல் ஏறக்குறைய 30 கோடி டொலருக்கு வாங்கிற்று. 2023 ஒரே ஆண்டில் அதன் சஞ்சிகைகளில் வந்த எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளைச் செல்லாதவையென்று திரும்பப் பெற நேர்ந்தது. பின்பு அப்பெயரையே கைவிட்டார்கள்.

இப்படிப்பட்ட கடைகளில் ஒன்று எமக்கும் கடிதம் எழுதிற்று. "மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே" என்று விளித்திருந்தது. எமக்கோ இன்னும் பட்டமே கிடைக்கவில்லை. உங்கள் மிளகுக் கட்டுரையை ஏழே நாளிற் பிரசுரிப்போம், 150 டொலர் மாத்திரம் என்றது. சஞ்சிகையின் பெயரைப் பார்த்தால் பல் வைத்தியம் சம்பந்தப்பட்டது. சிரித்தோம். ஆனால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: சிரித்த அன்றிரவு மூவரும் அந்த 150 டொலரை எங்கே புரட்டலாம் என்றும் பேசினோம். வெளிநாட்டுப் புலமைப்பரிசில் விண்ணப்பத்தில் 'பிரசுரங்கள்' என்ற கட்டத்தை வெறுமையாக விடுவது எளிதன்று. நம் நாட்டில் விரிவுரையாளர் பதவியுயர்வுக்கும் கட்டுரைக்குப் புள்ளியுண்டு. களை விளைவதற்குச் சீனா வரை போகவேண்டியதில்லை.

சீன அரசே பின்பு விழித்துக்கொண்டது. 2020 பெப்ரவரியில் இரண்டு அமைச்சுக்கள் சேர்ந்து, கட்டுரைக்குக் காசுப் பரிசு கொடுப்பதை நிறுத்தச் சொல்லின. ஆராய்ச்சியாளரை மதிப்பிடும்போது அவர் காட்டும் கட்டுரைகளில் மூன்றிலொன்றாவது சீனச் சஞ்சிகைகளில் வந்திருக்கவேண்டும் என்றும் விதித்தன. சீனாவில் ஏறக்குறைய ஐயாயிரம் விஞ்ஞான சஞ்சிகைகள் உண்டு. பெரும்பாலானவை சீன மொழியில். ஆகவே வீடு இருந்தது. திரும்பி வர முடிந்தது.

திரும்பிய வீட்டிலும் ஒரு வாசற்காரர் நின்றார் என்பதுதான் வேடிக்கை. சீனச் சஞ்சிகைகளையெல்லாம் திரட்டி வைத்த சி.என்.கே.ஐ. எனும் இணையக் களஞ்சியம், ஊகான் நகரத்து ஓய்வுபெற்ற பேராசிரியர் சாவ் தேசின் அவர்களின் நூற்றுக்கு மேற்பட்ட கட்டுரைகளை அவரைக் கேளாமலே சேர்த்து விற்றது. தம் கட்டுரையைத் தாமே எடுத்து வாசிக்க அவரும் பணம் கட்டவேண்டியிருந்தது. எண்பத்தொன்பது வயதுப் பெரியவர் வழக்குத் தொடுத்தார், வென்றார், ஏழு இலட்சம் யுவானுக்கு மேல் நட்டஈடு கிடைத்தது. 2022 இறுதியில் அக்களஞ்சியத்துக்குச் சீன அரசு எட்டுக் கோடி யுவானுக்கு மேல் தண்டமும் விதித்தது. வயது போய்விட்டது, இனி என்ன செய்வது என்று திண்ணையில் இருப்போர்க்கு இப்பெரியவரின் கதை நல்ல மருந்து. பிழை பொறுக்கவும்.

நாம் சீனா போல் ஆகலாமா? ஆகமுடியாது. மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு இரண்டரை வீதம் வரை அவர்கள் ஆராய்ச்சிக்குச் செலவிடுகின்றார்கள். இலங்கை செலவிடுவது நூற்றுக்கு ஒரு வீதத்தில் பத்திலொரு பங்களவு. பக்கத்து இந்தியா 2024 நவம்பரில் வேறொரு வழி கண்டது. முப்பது பிரசுராலயங்களின் ஏறக்குறைய 13,000 சஞ்சிகைகளுக்கு நாடு முழுவதற்கும் ஒரே சந்தா; மூன்றாண்டுக்கு ஆறாயிரங் கோடி ரூபாய். இதை மெச்சுவோரும், அத்தனை பணத்தையும் அதே வாசற்காரரிடமே கொடுப்பதா என்போரும் அங்கே உளர். எம் கட்சி இரண்டாவது. ஆனால் மிளகுக் கட்டுரைக்காக அலைந்த நாட்களில் யாராவது அப்படியொரு சந்தாவைக் கட்டியிருந்தால் கைகூப்பியிருப்போம்.

நம்மிடம் இருப்பவற்றையாவது நாம் அறிந்திருக்கின்றோமா? பெர்குசன் குடும்பத்தார் கொழும்பில் 1881-ல் தொடங்கிய 'ட்றொப்பிக்கல் அக்றிக்கல்ச்சரிஸ்ற்' இன்றும் பேராதனை விவசாயத் திணைக்களத்திலிருந்து வருகின்றது. 1924-ல் தொடங்கிய 'சிலோன் ஜேர்னல் ஒஃப் சயன்ஸ்' பேராதனைப் பல்கலைக்கழகத்தாரிடம் இருக்கின்றது. இலங்கைச் சஞ்சிகைகளை ஒன்றுதிரட்டி எவரும் காசின்றி வாசிக்க வைக்கும் இணையத்தளமும் உண்டு. எம் வகுப்பு மாணவர் பலர் அதைத் திறந்தும் பார்த்ததில்லை. நாமும் மிளகு நோய் வரும்வரை பார்த்ததில்லை.

மொழியைப் பற்றி ஒரு சொல். தனிநாயகம் அடிகளார் 1952-ல் 'தமிழ்க் கல்ச்சர்' என்ற சஞ்சிகையை ஆங்கிலத்தில் நடத்தத் தொடங்கியபோது, தமிழைப் பற்றி ஏன் ஆங்கிலத்தில் எழுதவேண்டும் என்று கேட்டவர் இருந்திருப்பர். தமிழறியாத அறிஞர் தமிழை அறியவேண்டுமென்றே அவர் அவ்வாறு செய்தார். அதன் தொடர்ச்சியாகவே 1964-ல் டில்லியில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் பிறந்தது. சஞ்சிகையின் ஆசிரியர் தமிழர், உடைமையும் தமிழரது, மொழி மாத்திரம் இரவல். இந்த ஏற்பாடு எமக்கு மிகவும் பிடித்திருக்கின்றது.

எம் கட்டுரையை என்ன செய்தோம்? பல் வைத்தியச் சஞ்சிகைக்கு அனுப்பவில்லை. வெளிநாட்டுக்கு அனுப்பினால் பெயர் வரும் என்று எம்மில் ஒருவர் இறுதிவரை வாதாடினார். அவர் இப்போதும் முற்றாக உடன்படவில்லை, முன்வரிசையில் இருந்து எம்மை முறைத்துப் பார்க்கின்றார். ஈற்றில் இருவருக்கு ஒருவராக வாக்கெடுத்து, பூட்டில்லாத உள்நாட்டுச் சஞ்சிகையொன்றுக்கு ஆங்கிலத்தில் அனுப்பினோம். நான்கு மாதமாயிற்று. குற்றங் குறை பார்ப்பவரில் ஒருவர் இரண்டு பக்கக் கேள்வி எழுப்பியிருக்கின்றார்; பதில் எழுதிக்கொண்டிருக்கின்றோம். கட்டுரையின் இறுதியில், தம் தோட்டத்துக் கொடிகளை எண்ண விட்டவர்களின் பெயர்களை அவர்கள் சம்மதத்தோடு சேர்த்திருக்கின்றோம். எம் உறவினர் முதலில் வேண்டாமென்றார். பின்பு ஐந்து வீட்டாரிடமும் சென்று, தாம் கொடுத்த துண்டிலிருந்து வளர்ந்த கொடிகளைப் பிடுங்கி எரிக்கச் சொல்லிவிட்டு வந்து, தம் பெயரின் முன்னெழுத்தைச் சரியாகப் போடும்படி சொன்னார்.

அக்கட்டுரையின் சாரத்தைத் தமிழில் எட்டுப் பக்கத்தில் எழுதி, மூன்று பிரதி எடுத்து, நம் சங்க வாசிகசாலை மேசையில் வைத்திருக்கின்றோம். பின்னட்டையில் யார் அச்சிட்டது, எங்கே, எப்போது என்று எழுதியிருக்கின்றது. உரிமை யாவர்க்கும் என்றும் எழுதியிருக்கின்றது. நாலாம் பக்கத்தில் ரத்தோட்டைத் தோட்டமொன்றின் கொடிக் கணக்குப் பிழையென்று ஒரு பெரியவர் நேற்றுப் பென்சிலாற் கோடிட்டு வைத்திருக்கின்றார். அவர் சரி. இரண்டு வரிசையை நாம் எண்ணாமல் விட்டிருக்கின்றோம். வரும் ஞாயிறு மழை விட்டால் போய் மறுபடி எண்ணுவோம். வர விரும்பும் அங்கத்தவர்கள் காலை ஏழு மணிக்கு பஸ் நிலையத்துக்கு வரலாம்.